மார்க்கெட்டிங் ஹெட் கார்முகிலும் செவ்வந்தி அக்காவின் முகமும்

கார்முகில் சாருக்குக் கீழே நான் சரியாகப் பதினோரு மாதம் வேலை பார்த்தேன். அவர் மார்க்கெட்டிங் ஹெட். அவருக்குக் கீழே ஒரு டீம் இருப்பதாக விசிட்டிங் கார்டு சொன்னது. அந்த டீம் நான்தான், சரிதா, குறிஞ்சிப்பாடி. அவர் உத்தியோகத்தில் எப்படி உயர்ந்தார் என்று அவரே பல மேடைகளில் சொல்லிவிட்டார். நடுவில் செவ்வந்தி அக்காவின் வேலை எப்படி மாட்டிக்கொண்டது என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதை நான் சொல்கிறேன்.

கம்பெனியின் பெயர் நொடிப்பை. போனில் பணத்தைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கடையில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட ஸ்டிக்கருக்கு நேராகப் போனைக் காட்டினால் பணம் கடைக்காரருக்குப் போய்விடும். நோட்டு செல்லாமல் போய் ஊரே ஏ.டி.எம். வாசலில் கால் கடுக்க நின்று முடித்திருந்த நேரம், 2017 பிப்ரவரி. முதலாளி ராமலிங்கம் சென்னையில் இருந்தார். அவரை 'ராம்' என்றுதான் கூப்பிட வேண்டும். சார் என்றால் அவருக்குக் கோபம் வரும், சம்பளத் தேதியைக் கேட்டால் அதைவிட அதிகமாக வரும். அவர் வரைபடத்தைப் பார்த்து நெய்வேலியைத் தேர்ந்தெடுத்தார். சம்பளக்காரர்கள் நிறைந்த ஊர், வட்டம் வட்டமாகப் பிரித்து வைத்த ஊர், ஷிப்ட் பஸ் வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றால் நூறு பேரைச் சேர்ந்தாற்போலப் பிடித்துவிடலாம். இங்கே வெற்றி பெற்றால் தமிழ்நாடு முழுக்கப் போகலாம் என்பது அவர் கணக்கு.

இந்திரா நகரில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். யூரியா வாசனை படியேறி வரும். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி ஜன்னலில் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் கரண்ட் கட்டில் உட்கார்ந்திருப்போம்.

கார்முகில் சார் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர். அப்பா வைத்திலிங்கம் சுரங்கத்தில் பிட்டர், பெர்மனென்ட், யூனியன்காரர், கொடி பிடித்துக் கொடி பிடித்தே தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியவர். பிள்ளையையும் எப்படியாவது உள்ளே நுழைத்துவிடப் பார்த்தார், நடக்கவில்லை. பிள்ளை எம்.பி.ஏ. படித்தார், சென்னையில் எட்டு வருஷம் கிரெடிட் கார்டு விற்றார், முப்பத்திரண்டு வயதில் 'ஹெட்' ஆகித் திரும்பி வந்தார். ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அப்பா இந்திரா நகரில் வீடு கட்டியிருந்தார். மார்க்கெட்டிங் ஹெட் அதன் மாடி அறையில் இருந்தார். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைத் தினமும் மதியம் திறந்து, "கார்ப் ரொம்ப ஜாஸ்தி, வெயிட் ஏறும்" என்று அலுத்துக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார்.

நான் அதற்கு முன் வடலூரில் பிளெக்ஸ் கடையில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. மூன்று வருஷத்தில் எத்தனை முகங்களின் பருவை அழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நொடிப்பையில் எனக்கு 'கிரியேட்டிவ் எக்ஸிகியூட்டிவ்' என்று பட்டம், பழைய சம்பளத்தைவிட இரண்டாயிரம் கூட. வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்.

தினமும் காலை ஒன்பதரைக்கு மீட்டிங். நின்றுகொண்டே நடத்த வேண்டுமாம், அப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்குமாம். இருப்பதே இரண்டு பேர். எதிரெதிரே நின்று அவர் என்னைப் பார்த்து, "டீம், நேற்று நாம் என்ன கற்றுக்கொண்டோம்?" என்று இங்கிலீஷில் கேட்பார். போர்டில் ஒரு பெரிய புனல் வரைந்திருப்பார். மேலே ஊர் ஜனம் முழுக்க விழுவார்கள், கீழே வாடிக்கையாளராகச் சொட்டுவார்கள். புனலுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு எண்: பத்தாயிரம். தீபாவளிக்குள் பத்தாயிரம் பேர் சேர வேண்டும், இல்லாவிட்டால் நெய்வேலியை மூடிவிடுவேன் என்று ராம் சொல்லியிருந்தார்.

முதலில் டிபன் பாக்ஸ் திட்டம். ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் மேஜை போட்டு, நொடிப்பையைப் போனில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று ஏற்றினார்கள், டிபன் பாக்ஸை வாங்கினார்கள், பஸ் சுரங்கத்து வாசலுக்குப் போவதற்குள் செயலியை அழித்துவிட்டார்கள். போனில் இடம் வேண்டாமா, பேரப்பிள்ளை வீடியோவை எங்கே வைப்பது? முதல் நாள் ஆயிரத்து நூறு பேர். மறுநாள் காலையில் மிச்சம் நாற்பத்தாறு. கார்முகில் சார் சென்னைக்கு ஆயிரத்து நூறு என்ற எண்ணை மட்டும் அனுப்பினார். அந்த மாதத்தில் தானாக எங்கள் ஆபீஸ் படியேறி வந்த ஒரே வாடிக்கையாளர் ஒரு பெர்மனென்ட் ஊழியர். அவரும் டிபன் பாக்ஸ் மூடி சரியாகப் பொருந்தவில்லை, வேறு கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்தார்.

இப்படியே ஜூலை வந்துவிட்டது. "லோக்கல் முகம் ஒன்று வேண்டும்" என்று ராமிடமிருந்து மெயில் வந்தது. சாருக்குச் சென்னையிலிருந்து மாடலைக் கூட்டிவர ஆசை. அதற்குப் பணம் இல்லை என்று அடுத்த வரியிலேயே ராம் எழுதியிருந்தார். எதையாவது படம் பிடிப்போம் என்று டவுன்ஷிப் பூங்காவுக்குப் போனோம். அங்கே செவ்வந்தி அக்கா சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டப் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை, பதினாலு வருஷமாக. நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. மகள் தினமும் கடலூருக்குப் போய்வந்து நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோட்டும் தலையில் துண்டுமாக நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். சார் என் தோளைத் தட்டினார். "ரா! ஆதென்டிக்! இந்த முகம்தான்!" என்றார், பூச்சில்லாத அசல் முகமாம். காய்கறி பொறுக்குகிறவர் மாதிரி அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நின்னு போட்டோ எடுத்துக்கினு இருந்தேன்னு துரைராஜு பாத்தார்னா, நாளைக்கு வராதன்னுடுவாருங்க" என்றார் அக்கா. துரைராஜ் என்பது அவரை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர். அவருடைய பட்டியலில் பெயர் இருந்தால் அந்த மாதம் வேலை. அடித்துவிட்டால் இல்லை. ஏன் என்று கேட்க முடியாது. "பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கு பாப்பா. அது வரைக்கும் இந்த வேல இருக்கணும்."

"அஞ்சு நிமிஷம்தான்க்கா" என்றேன் நான்.

கையில் போன் இருப்பதுபோல எடுக்க வேண்டும். அக்காவிடம் இருந்தது பட்டன் போன், அதிலும் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. என் போனைக் கொடுத்தேன். அதைத் தண்ணீர் நிறைந்த சொம்பைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தார். சிரிக்கச் சொன்னேன். நல்ல சிரிப்பு. பிறகு இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினோம். "இது எதுக்கு பாப்பா?" என்று கேட்டார். "சும்மாக்கா, விளம்பரத்துக்கு" என்றேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. சன்மானமாக மீந்துபோன டிபன் பாக்ஸில் ஒன்றைக் கொடுத்தார் சார்.

சென்னையிலிருந்து டிசைன் வந்தது. அக்காவின் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டு, கீழே 'என்றும் உங்களுடன்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், இதைக் கட்டினா மாலை வாங்கிட்டு வந்துடுவாங்க" என்றேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கலருக்கு மாற்றி, வாசகத்தையும் மாற்றச் சொன்னார். 'என் பணம் என் கையில்.' மூலையில் எறும்பு சைஸில் டோல் ஃப்ரீ நம்பர்.

பிளெக்ஸ் கடையில் இருந்தவள் என்ற முறையில் இன்னொன்றும் எனக்குத் தெரியும், அதையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பிளெக்ஸில் முகம் போட்டவர்தான் பொறுப்பு. தண்ணீர் வரவில்லை என்றால் பிளெக்ஸில் சிரிக்கும் கவுன்சிலர் வீட்டுக்குப் போவோம். கல்யாணத்தில் சாப்பாடு பந்தியில் குறைந்தால் பிளெக்ஸில் கைகூப்பியிருக்கும் தாய்மாமனைப் பிடிப்போம். நம்பருக்கு யார் போன் பண்ணுவார்கள்? "சார், ஏதாவது பிரச்சினைன்னா ஜனங்க நேரா செவ்வந்தி அக்காகிட்டதான் போவாங்க."

அவர் உடனே டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். "சூப்பர் இன்சைட், சரிதா. எங்கேஜ்மென்ட்! ஜனங்க பிராண்டோட ஒட்டிப்பாங்க!"

பதினாலு இடத்தில் பிளெக்ஸ் கட்டினோம். மெயின் பஜார், பஸ் ஸ்டாண்டு, மந்தாரக்குப்பம் கடைத்தெரு, சேத்தியாத்தோப்பு ரோட்டுத் திருப்பம். நாலாவது நாள் ஒருவர் மளிகைக் கடையில் பணம் போகாமல் மாட்டிக்கொண்டதாக டோல் ஃப்ரீ நம்பருக்குக் கூப்பிட்டார். எடுத்தவர் இந்தியில் பேசினார். கூப்பிட்டவர் போனை வைத்துவிட்டு நேராகப் பூங்காவுக்குப் போய், சருகு கூட்டிக்கொண்டிருந்த அக்காவைக் கேட்டிருக்கிறார்: "ஒம் மூஞ்சிதான போட்டுருக்கு? எங்க எம் பணம்?"

வேறு யாராக இருந்தாலும் எனக்குத் தெரியாது என்று கைகழுவியிருப்பார்கள். அக்கா அந்த ஆளைச் சாயந்திரம் கூட்டிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்.

"இவுரு நூத்தி எம்பது ரூபா போட்டாராம். கடைக்காரருக்கும் போவல, இவருக்கும் திரும்பல. குடுங்க தம்பி."

"அக்கா, அது சிஸ்டம்ல கம்ப்ளெயின்ட் டிக்கெட் ரெய்ஸ் பண்ணணும். ஏழு வொர்க்கிங் டேஸ்…" என்று சார் ஆரம்பித்தார்.

"அப்ப நான் இங்கியே குந்திகினு இருக்கட்டுமா?"

அன்றைக்கே பணம் திரும்பியது. அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து வருவார். கிழித்த காலண்டர் தாளின் பின்னால் மகளிடம் சொல்லி எழுதி வாங்கிய பெயர்கள், போன் நம்பர்கள், என்ன பிரச்சினை என்று ஒரு வரி. நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். முடிகிற வரை அக்கா எழுந்திருக்க மாட்டார். டோல் ஃப்ரீயில் மூன்று வாரம் இழுத்தது அவர் வந்து உட்கார்ந்தால் இரண்டு நாளில் தீர்ந்தது. சொன்னால் சொன்னபடி பணம் திரும்புகிறது என்ற பேச்சு வட்டத்துக்கு வட்டம் பரவியது. 'செவ்வந்தி அக்கா ஆப்பு' என்றே எங்கள் கம்பெனிக்குப் பெயர் வந்துவிட்டது. ஆகஸ்டில் மூவாயிரம் பேர். செப்டம்பரில் ஏழாயிரம். தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது போர்டில் இருந்த சிவப்பு எண்ணைத் தாண்டிவிட்டோம்.

சார் அதற்கு ஒரு பெயர் வைத்தார், 'கம்யூனிட்டி ட்ரஸ்ட் மாடல்'. நாற்பது பக்கத்துக்குப் பிரசன்டேஷன் செய்தார், நான்தான் அதை அழகுபடுத்திக் கொடுத்தேன். சென்னையில் ஒரு ஹோட்டலில் அவருக்குக் கண்ணாடியில் செய்த விருது கொடுத்தார்கள். நாற்பது பக்கத்தில் செவ்வந்தி என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை. படத்துக்குக் கீழே 'ரூரல் உமன், 45' என்று இருந்தது. டவுன்ஷிப்பில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறவர் எப்படி ரூரல் ஆனார் என்று கேட்டேன். ரூரல் என்றால்தான் ஜூரிக்குப் பிடிக்கும் என்றார்.

"சார், அக்காவுக்கு மாசம் ஏதாவது கொடுக்கலாமே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பே பண்ணினா ஆதென்டிசிட்டி போயிடும், சரிதா."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கபடமும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தெரிந்தே ஏமாற்றுகிறவராக இருந்தால் மனதாரத் திட்டியிருக்கலாம். அவர் உண்மையாகவே அதை நம்பினார்.

தீபாவளி ஆபரில், ஆயிரம் ரூபாய் போட்டால் ஆயிரத்து நூறாகக் காட்டும். தோட்டப் பிரிவிலும் கேன்டீனிலும் வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் பெண்கள் அறுபத்து மூன்று பேர் பிள்ளைகளின் போனில் நொடிப்பையை ஏற்றிப் பணம் போட்டார்கள். போடுவதற்கு முன் அக்காவைக் கேட்டார்கள். அக்கா என்னைக் கேட்டார்.

"போடலாமா பாப்பா? அவளுவோ என்னக் கேக்கறாளுவோ. நீ சொல்லு."

"போடலாம்க்கா" என்றேன். எனக்கும் அப்போது தெரியாதுதான். ஆனால் தெரியாது என்று நான் சொல்லவில்லையே.

2018 ஜனவரி, பொங்கல் முடிந்த மறு வாரம், ராமிடமிருந்து மூன்று வரியில் மெயில் வந்தது. கம்பெனி பாதை மாறுகிறது. கோயம்புத்தூரில் கடைகளுக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்குப் போகிறோம். நெய்வேலி அத்தியாயம் நமக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது, நன்றி. அன்று மத்தியானமே செயலியைத் திறந்தால் ஒரு சக்கரம் சுற்றியது, 'மேம்படுத்தப்படுகிறது' என்று காட்டியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டோல் ஃப்ரீ நம்பரில் இந்திக்காரர்கூட இல்லை.

கார்முகில் சார் போர்டைத் துடைத்தார், விருதை டவலில் சுற்றிப் பையில் வைத்தார். "இது தோல்வி இல்லை, டீம். ட்ரான்சிஷன்" என்றார். நான் மறுபடியும் வடலூர் பிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

ஜனங்கள் எங்கே போவார்கள்? ராம் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கார்முகில் யாரென்றும் தெரியாது. பதினாலு பிளெக்ஸிலும் சிரித்துக்கொண்டிருந்தது செவ்வந்தி அக்காதான். காலையில் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள், பகலில் பூங்காவில் நின்றார்கள். கூட வேலை பார்த்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கமிஷன் வாங்கிக்கொண்டுதான் எங்களை இழுத்துவிட்டாய் என்று ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் கேட்டாளாம். இரண்டு மூன்று நாள் அக்கா எங்கள் பழைய ஆபீஸ் மாடிக்கு ஏறிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

எட்டாவது நாள் பூங்காவில் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். துரைராஜ் வந்து பார்த்தார். "வேலை செய்ற எடத்துல கூட்டம் கூட்டிகினு இருக்கியா? நாளையிலேருந்து வராத." பட்டியலில் பெயரை அடித்துவிட்டார். பதினாலு வருஷம், ஒரு பேனாக்கோடு.

அடுத்த நாள் அக்கா பிளெக்ஸ் கடைக்கு வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஒரு பிளெக்ஸ் போடணும் பாப்பா. ஆறுக்கு நாலு எவ்ளோ ஆவும்?"

"என்ன விசேஷம்க்கா?"

"ஒங்க சார் மூஞ்சியப் போட்டு, நொடிப்பையில போட்ட பணத்துக்கு இவரக் கேளுங்கன்னு எழுது. பேரு, போன் நம்பரு, வூட்டு நம்பரு எல்லாம் போடு. எம் படம் இருக்கற எடத்துல எல்லாம் அதக் கட்டறேன்."

"அக்கா, அவர்கிட்ட கேக்காம எப்படிப் போடறது? கேஸ் கீஸ்னு போயிடுவாரு."

"எங்கிட்ட ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினியே. அதுல இன்னா எழுதியிருந்துச்சு?"

அதற்கு ஆறு மாதம் முன்பே பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் சொன்னேன். "உங்க முகத்த நாங்க எங்க வேணா, எப்ப வேணா, எதுக்கு வேணா போட்டுக்கலாம்னு. அதுக்காக நீங்க எதுவும் கேக்க மாட்டீங்கன்னு."

அக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "சரி. ஒரு கையெழுத்து போதும். அதுல அவரு மூஞ்சியும் சேத்துக்க" என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கார்முகில் சார் விருதோடு நிற்கும் படம் என்னிடம் இருந்தது, நானே பருவை அழித்த படம். எழுத்தை நல்ல கனமாக, சிவப்பில் வைத்தேன். அக்கா பின்னால் நின்று பார்த்தார். "சுத்தி பூவு கீவு வெக்காத பாப்பா. உசுரோட இருக்கற ஆளு" என்றார். இப்போதைக்கு ஒன்று போதும், மிச்சம் பதிமூன்றை அப்புறம் அடிக்கலாம் என்றார்; காசு நான் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெண்கள் ஒன்பது பேர் இந்திரா நகர் வீட்டு வாசலுக்குப் போனார்கள். சுருட்டிய பிளெக்ஸை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பத்தாவதாக நானும் போனேன், கடைசியில் ஒளிந்துகொண்டு. அக்கா சத்தம் போடவில்லை. கேட்டுக்கு எதிரே இரண்டு பேரைப் பிளெக்ஸை விரித்துப் பிடிக்கச் சொன்னார், அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். பால்காரர் வண்டியை நிறுத்தினார்.

முதலில் வந்தவர் வைத்திலிங்கம் ஐயா, கையில் பேப்பரோடு. பிறகு மாடியிலிருந்து கார்முகில் சார் அரைக்கால் சட்டையில் இறங்கி வந்தார். தன் முகத்தை ஆறடிக்குப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது, நான் சத்தியமாகச் சொல்கிறேன்:

"யாரு டிசைன் பண்ணது? ஃபான்ட் இவ்ளோ ஹெவியா இருக்கு?"

அப்புறம்தான் கீழே இருந்த போன் நம்பரைப் படித்தார். "அக்கா, லீகலா பார்த்தா நான் ஜஸ்ட் ஒரு எம்ப்ளாயிதான். கம்பெனி வேற, நான் வேற."

"நான் எம்ப்ளாயி கூட கெடையாதுங்க தம்பி" என்றார் அக்கா. "என்னாண்டதான வந்தாங்க. எனக்கு வேல பூடுச்சு. ஒங்களுக்கும் கொஞ்சம் வரட்டும். நாளைக்கு மொத ஷிப்டு பஸ்ஸுக்கு முன்னாடி பதினாலு எடத்துலயும் கட்டிடுவேன்."

சார் அப்பாவைப் பார்த்தார். பையனுக்காக ஐயா ஏதாவது பரிந்து பேசுவார் என்று நாங்களும் நினைத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிளெக்ஸுக்குக் கிட்டே போய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"வூட்டு நம்பரு தப்பா இருக்கும்மா" என்றார். "பதினேழு இல்ல, பதினேழு பார் ரெண்டு. பதினேழு நம்பர்ல பாவம் ஒரு வாத்தியார் இருக்காரு, அவரு வூட்டுல போயி நிப்பாங்க. திருத்திக் கட்டுங்க." பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கார்முகில் சார் அங்கேயே, கேட்டைப் பிடித்துக்கொண்டே ராமுக்குப் போன் போட்டார். பதினோரு மாதத்தில் அவர் வாயிலிருந்து இங்கிலீஷ் கலக்காமல் ஒரு வாக்கியம் வந்ததை அன்றுதான் கேட்டேன். "யோவ், நான் இந்த ஊர்ல நடமாடணும்யா! எங்க அப்பன் வூட்டு வாசல்ல நிக்கறாங்க! மொதல்ல பணத்தத் திருப்புய்யா!" முதலாளியை யோவ் என்று கூப்பிட்டதில் எனக்கு ஒரு நிமிஷம் அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது.

இரண்டே நாள். முடியாது, ஆடிட், கம்ப்ளையன்ஸ் என்றெல்லாம் முதலில் ராம் போனில் இழுத்த பணம் அறுபத்து மூன்று பேருக்கும் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. மீதிப் பேருக்கும் அந்த மாத முடிவுக்குள் வந்துவிட்டது. அக்கா பிளெக்ஸைக் கட்டவே இல்லை. கமிஷன் வாங்கினாய் என்று கேட்டவள் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காவின் பெயர் அவருக்குத் திரும்பிவிட்டது.

வேலை திரும்பவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து துரைராஜிடம் போனோம். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, பட்டியல் மேலே போய்விட்டது என்றார். வைத்திலிங்கம் ஐயாவும் வயதான காலத்தில் இரண்டு நடை நடந்து பார்த்தார். கார்முகில் சாரிடம் நான் போனில் சொன்னேன், உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரிடமாவது பேசுங்கள் என்று. "ஷ்யூர், ஷ்யூர், நோட் பண்ணிக்கறேன்" என்றார். அக்கா இப்போது சேத்தியாத்தோப்பு பக்கம் களையெடுக்கப் போகிறார், விடியற்காலை வேனில். தினம் வேலை கிடைப்பதில்லை. மகளின் மூன்றாம் வருஷம் இன்னும் பாக்கி இருக்கிறது.

மார்ச் மாதம் சாருக்குச் சென்னையில் இன்னொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஹெட்டைவிடப் பெரிய பதவி. உத்தியோகஸ்தர்கள் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொள்ளும் லிங்க்ட்இன் தளத்தில் நீளமாக ஒரு பதிவு போட்டிருந்தார். ஒரு சிறிய ஊரில், ஒரு நெருக்கடியில், நாற்பத்தெட்டே மணி நேரத்தில் வாடிக்கையாளர்களின் குறையைத் தீர்த்து நம்பிக்கையை எப்படி மீட்டெடுத்தேன் என்று. வாசலில் நின்ற பெண்களின் படம்கூட இருந்தது, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ எடுத்தது. பிளெக்ஸில் தன் முகம் இருந்த பகுதியை மட்டும் வெட்டியிருந்தார். நானூறு பேர் லைக் போட்டிருந்தார்கள். 'இன்ஸ்பைரிங்', 'லீடர்ஷிப்' என்று கீழே வரிசையாகப் பாராட்டு.

நான் அதுவரை அந்தத் தளத்தில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினேன். தமிழில், ஒரே வரி: "செவ்வந்தி அக்காவுக்கு வேலை போய்விட்டது சார், இன்னும் கிடைக்கவில்லை."

அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டுவார், இல்லை அழித்துவிடுவார், இல்லை போனாவது செய்வார் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் போன் மணியடித்துக் காட்டியது. என் வரிக்குக் கார்முகில் சார் லைக் போட்டிருந்தார்.